பதிவேட்டில் இல்லாத அறை

தம்பி,

இந்த உறைக்குள் என் கடிதமும் ஒரு நகராட்சிப் படிவமும் இருக்கின்றன. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடம் அது. ஆனால் இப்போதே போட்டுவிடாதே. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாக ஏறி இறங்கி வரி வசூலித்தவன் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வாசலில் நின்று என்னோடு சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீயும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம், முதலில் கடிதத்தைப் படி. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் பாப்பா என்ன சாப்பிட்டாள், புனேயில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு வாயால சொல்ல வராதுங்க. எழுதிப் போடுங்க. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் எழுதின கைதானே" என்றாள். அதனால் இதை நான் உனக்கு அனுப்பும் நோட்டீஸ் என்றே வைத்துக்கொள்.

போன மே மாதம் நீ மருமகளையும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தாய். பாப்பா பிறந்த பிறகு முதல் தடவையாக வருகிறாள் என்று உன் அம்மா ஒரு வாரமாக மாடியறையைக் கழுவித் துடைத்து, தொட்டில் கட்டி, உன் பழைய மேஜையைக்கூடத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். ஒரே ராத்திரி. காலையில் பாப்பாவின் கழுத்து முழுக்க வேர்க்குரு. மத்தியானம் நீ மாடிக்குப் போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வந்தாய். "இந்த ரூம்ல நான் பன்னண்டு வருஷம் படுத்தேன்பா. எம் பொண்ணு இன்னொரு நாள் படுக்க வேணாம்" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். அன்று சாயங்காலமே கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு போனீர்கள். மிச்சம் இருந்த நாலு நாளும் சொந்த வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். கிளம்பும்போது நீ வீட்டை விற்றுவிட்டுப் புனேக்கே வந்துவிடச் சொன்னாய். என் பேத்தி இந்த வீட்டில் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்காமலேயே வளர்ந்து பெரியவளாகிவிடுவாள் என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்குள் வந்து உட்கார்ந்தது.

அதற்கு ரெண்டு மாதம் கழித்து நகராட்சியிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. உன் தாத்தா நகராட்சியைச் சாகும்வரை 'மேரி' என்றுதான் சொல்வார், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேச்சு. மேரியிலிருந்து காகிதம் வந்தால் பணம் கேட்டுத்தான் வரும் என்பது அவர் கண்ட அனுபவம். அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனவன் என்பதால் எனக்கும் அது தெரியும். நான் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினால் போதும், கதவுகள் சாத்திக்கொள்ளும். "அப்பா ஊர்ல இல்ல" என்று பிள்ளை வந்து சொல்லும், உள்ளே அப்பன் இருமுவான். அப்படிப்பட்ட நகராட்சி இந்தத் தடவை கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தது. கூரைக்கு வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் சோலார் பலகைகள், பழைய ஃபேன்களுக்குப் பதிலாகக் கொஞ்சம் கரன்ட்டிலேயே ஓடும் புது ஃபேன்கள். செலவை நகராட்சியே முதலில் போடும். அதைப் பத்து வருஷத்துக்குப் பிரித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வரியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். நடுவில் வீட்டை விற்றால் மிச்சத்தை வாங்குகிறவர் கட்டுவார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். மனுஷனுக்குக் கடன் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கே கடன் கொடுத்து, வீட்டின் பெயரிலேயே பற்று எழுதுவதை அறுபத்தைந்து வயதில்தான் பார்க்கிறேன். இதில் என்ன வில்லங்கம் இருக்கும் என்று நாலு நாள் தேடினேன். கிடைக்காததால் காதர் பாய் வீட்டுக்குப் போனேன்.

காதர் பாயை உனக்கு நினைவிருக்கும், பின் தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மருமகன் பார்க்கிறான். நம் பகுதியில் இந்தத் திட்டத்தில் முதலில் சேர்ந்தவர் அவர்தான். "வாங்க சார், வாங்க, மாடிக்கே போயிடலாம்" என்று முழங்கால் வலியை மறந்து எனக்கு முன்னால் படியேறினார். காலை பத்து மணி இருக்கும். மாடி முழுக்க வெள்ளை வெளேர் என்றிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தேன், சுடவில்லை. ஆறு பெரிய பலகைகள் தெற்கே சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை, புகை இல்லை, சுற்றுகிற சக்கரம் எதுவும் இல்லை. "இது எப்ப வேலை செய்யும் பாய்?" என்று கேட்டேன். "இப்ப செய்துனுதான் இருக்குது சார்" என்றார். கீழே கூட்டிக்கொண்டு வந்து மீட்டரைக் காட்டினார். தெருக் கரன்ட் கம்பியிலிருந்து வீட்டுக்குள் வருவது ஒரு எண், வீட்டிலிருந்து கம்பிக்குப் போவது இன்னொரு எண். போகிற எண் என் கண் முன்னாலேயே ஒன்று கூடியது. உள்ளே ஃபேன் ஓடுகிறது, பிரிட்ஜ் ஓடுகிறது, அதற்கும் மேல் மிச்சம் இருந்து வெளியே போகிறது. யாரோ முகம் தெரியாதவர் வீட்டில் அதில் ஒரு கிரைண்டர் சுற்றும். எந்த வெயில் உன் தூக்கத்தைக் கெடுத்ததோ, என் பேத்தியின் கழுத்தைக் கொப்பளிக்க வைத்ததோ, அதே வெயில். உனக்கு இது ஸ்கூலில் படித்த விஷயம், சிரிப்பாய். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, தம்பி.

இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று நானே மறுபடி மாடிக்கு ஏறினேன். பலகைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது எதிரில் நம் வீடு தெரிந்தது. நம் வீட்டின் முதுகுப் பக்கம். அந்த இடத்திலிருந்து நான் அதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. தெருப்பக்கம் உயரமாகக் கைப்பிடிச் சுவர், அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உன் அறை. பூசாத செங்கல் சுவர், குட்டையான கூரை, மேற்கே பார்த்த ஒரே ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக உன் மேஜையின் கால்கூடத் தெரிந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று உனக்குப் புரியாது. உனக்கும் நான் சொன்னதில்லை, உன் அம்மாவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. அந்த அறை நகராட்சிப் பதிவேட்டில் கிடையாது. ஊர் வீட்டையெல்லாம் டேப் பிடித்து அளந்த நான், என் வீட்டு மாடியறையைக் கணக்கில் எழுதவில்லை.

எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ அஞ்சாம் வகுப்பு முடித்திருந்தாய். கீழே ஒரே ஒரு ஹால், நீ படிக்கும்போது அம்மா சீரியலைச் சத்தமில்லாமல் பார்ப்பாள். ஒரு அறை வேண்டும் என்று தோன்றியது. அனுமதி வாங்கிக் கட்டினால் செலவு, வரியும் கூடும். சனி ஞாயிறும் விடுமுறை நாளும் மட்டும் கொத்தனாரை வரவழைத்துக் கட்டினேன். தெருவில் மணல் கொட்டினால் கேள்வி வரும் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்தேன். தளத்தின்மேல் தட்டோடு பதிக்க வேண்டும், சூடு இறங்காது என்று கொத்தனார் சொன்னார். அதற்கு நாலு ஆள் நாலு நாள் மாடியில் தெரியும்படி நின்று வேலை செய்ய வேண்டும். வேண்டாம் என்றேன். இப்போது சொல்லப் போவதுதான் இந்த நோட்டீஸில் முக்கியமான இடம். கொத்தனார் கிழக்கே, தெருவைப் பார்த்து, பெரிய ஜன்னலுக்கு இடம் விட்டிருந்தார். கடற்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். வெறும் சுவர் என்றால் கைப்பிடிச் சுவரோடு சேர்ந்து தெரியும், ஜன்னல் வைத்தால் தெருவில் போகும் என் ஆபீஸ்காரன் எவனாவது நிமிர்ந்து பார்ப்பான் என்று நான்தான் நின்று அதை அடைக்கச் சொன்னேன்.

நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்! "ஏம்பா அந்தப் பக்கம் ஜன்னல் வெக்கல? கடல் காத்து வரும்ல?" என்று. "திருடன் வருவான்டா" என்றேன் ஒவ்வொரு தடவையும். திருடன் வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டுதான் அந்தப் பதிலைச் சொன்னான். நீ மத்தியானத்தில் தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் படுத்தாய். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பிளஸ் டூ கணக்குப் போட்டாய். ஒரு ஏர்கூலராவது வாங்கலாம் என்று அம்மா சொன்னபோது, நாங்களெல்லாம் தெரு விளக்கில் படித்தோம் என்று வசனம் பேசினேன். நான் படித்தது ஹாஸ்டலில், ஃபேனுக்கு அடியில். அதுவும் பொய்.

காதர் பாய் வீட்டு மாடியில் நான் நின்றபோது இதெல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தது. அதைவிடப் பெரியது ஒன்றும் வந்தது. நம் அறையின் சிமென்ட் ஈரம் காயாத அதே மாதத்தில்தான் நான் காதர் பாய் வீட்டை அளக்கப் போனேன். அவருடைய மகள் தையல் மெஷின் போடுவதற்காக மாடியில் ஒரு ஷீட் அறை போட்டிருந்தார். வேறு பில் கலெக்டராக இருந்தால் பார்த்தும் பார்க்காதது போல் வந்திருப்பான். நான் கடமைக்காரன் ஆயிற்றே! நம் வீட்டுப் பக்கம் திரும்பாமல், டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்து எழுதினேன். அவர் தடுக்கவில்லை. "எழுதிக்குங்க சார். இருக்கறத இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றார். நீ பிளஸ் டூ பாஸ் செய்தபோது அவர் ஒரு இலவம் பஞ்சுத் தலையணை கொடுத்துவிட்டார், ஞாபகம் இருக்கிறதா? வரி செலுத்துகிறவரிடம் பரிசு வாங்கக் கூடாது என்று அதை அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் பெருமையாக உன்னிடம் வேறு சொன்னேன்.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க மாடி ரூமு கணக்குல இல்ல" என்றேன். அவர் பலகையில் ஒட்டியிருந்த காக்கை எச்சத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "தெரியுமே சார்" என்றார். எப்போதிருந்து என்று கேட்டேன். "நீங்க கட்டறப்பவே தெரியும். ஞாயித்துக்கிழமையா பாத்து கொத்து வேலை நடக்குதுன்னா புரியாதா? நீங்க இங்க அளக்க வந்தப்பகூட உங்க சட்டைல சிமென்ட் இருந்துது." ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். மாட்டிவிட அவருக்கு எவ்வளவு காரணம் இருந்தது! அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சொன்னா இடிக்கச் சொல்லுவாங்க. அப்புறம் தம்பி எங்க படிப்பான்? ஈரத் துண்ட தலைல போட்டுக்குனு உக்காந்திருப்பான். எம் பொண்ண கூப்ட்டுக் காட்டுவேன், பாரு, அந்தத் தம்பி எந்த வெயில்ல படிக்குதுன்னு." அவ்வளவுதான் சொன்னார். மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் தெருவுக்குப் பயந்து சுவர் எழுப்பினேன். பின்னால் ஒரு மனிதர் இத்தனை வருஷம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, என்னைக் காட்டிக் கொடுக்காமல், நான் போட்ட வரியையும் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மீட்டர் முன்னால் நின்றபோது சிலிர்த்தது என்றேனே, அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா சார், சின்னப் புள்ள மாதிரி" என்று அவர்தான் தேநீர் போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிட்டதும் மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேலையில் இருந்தவரை மத்தியானம் ஏதாவது தெருவில் இருப்பேன், ஓய்வு பெற்ற பிறகு கீழே ஹாலில் படுத்துக்கொள்வேன். மேற்கு ஜன்னலிலிருந்து வெயில் நேராக மேஜைமேல் விழுந்தது. கூரை தலைமேல் அடுப்பு போல் எரிந்தது. உன் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைப் பிரித்து ஒரு பக்கம் படிக்கப் பார்த்தேன். முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை, வேட்டி நனைந்து இறங்கி வந்துவிட்டேன். தம்பி, நீ இங்கே பன்னிரண்டு வருஷம் இருந்தாய். இங்கே உட்கார்ந்து படித்து ஒரு ஆளாகி, அதற்குப் பிறகும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுகிறாய். உன்னை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இதை உன் கல்யாணத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

விண்ணப்பம் போட்டேன். ஒரு வாரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள், நகராட்சி ஜூனியர் இன்ஜினியர். வயது முப்பதுகூட இருக்காது. கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். "சார், ரெக்கார்டுல கீழ்த்தளம் மட்டும்தான் இருக்குது. மேல ரூம் இருக்குதே?" என்றாள். பதிவில் இல்லாத கூரைக்குத் திட்டம் கிடையாதாம். அதைப் பிறகு பார்ப்போம் என்று அறைக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துப்பட்டாவின் நுனியை வாசலில் உயர்த்திப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாள். அப்புறம் கிழக்குச் சுவரைத் தட்டினாள். "பெயின்ட், பேனல் எல்லாம் அப்புறம் சார். முதல்ல இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வெச்சாலே பாதி சூடு போயிடும். நான் கனகசெட்டிக்குளம், எங்கப்பா கடலுக்குப் போறவரு. காத்து எந்தப் பக்கம் நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஏன் சார் வெக்கல?" உன் கேள்வியையே வேறு குரலில் கேட்டாள். திருடன் கதை நாக்கு நுனி வரை வந்தது. உன் அம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு வெக்கலம்மா. வரி கட்டாம மறைச்ச ரூம் இது. நான் உங்க ஆபீஸ்ல பில் கலெக்டரா இருந்தவன்" என்றேன். அந்தப் பெண் டேப்லெட்டைக் கீழே இறக்கினாள். உன் அம்மாதான் மோர் கொண்டு வந்து கொடுத்து, "இத்தன வருஷம் கழிச்சு இன்னிக்குத்தாம்மா இவரு எங்க வீட்டயும் அளந்தாரு" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். ஓய்வு பெற்றபோது எனக்குச் சால்வை போட்டு, ஒரு பைசா பாக்கி வைக்காத மனுஷன் என்று பேசிய அதே ஹால். கவுன்டரில் இருந்தவன் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. கடிதத்தைக் கொடுத்தேன். மேல்மாடியில் ஒரு அறை இருக்கிறது, மறைத்தது நான் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அக்கம் பக்கம் பார்த்தான். "சார், எதுக்கு இதெல்லாம்? இந்த வருஷம் புதுசா கட்டினதுன்னு எழுதிடலாம். யார் வந்து பாக்கப் போறா? உங்க பேரும் கெடாது" என்றான், என்மேல் இருந்த பாசத்தில்தான். உண்மையைச் சொன்னால் பழைய வரி, அபராதம், அதோடு ஊர் வாய். ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்தபடி நின்றேன், ஆசை வராமல் இல்லை. காதர் பாய் சொன்ன வார்த்தைதான் காதில் விழுந்தது, இருக்கறத இல்லன்னு சொல்ல முடியுமா என்று. "கட்டின வருஷத்தையே எழுது" என்றேன். எங்கள் ஆபீஸில் ஒரு முறை உண்டு. தப்பான பதிவை அழிக்கவோ சுரண்டவோ கூடாது. படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், திருத்தியவன் யார் என்றும் தெரிய வேண்டும். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அவன் கோடு போடுவதை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பென்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாக்கியைத் தவணையில் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், அது என் பாடு, உன் தலையில் வராது.

இனி படிவத்துக்கு வருகிறேன். தவணை பத்து வருஷம் ஓடும். என் வயதுக்காரர்கள் விண்ணப்பித்தால் வாரிசு ஒருவர் தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. எனக்குப் பிறகு இந்த வீடு உன்னுடையது, வீட்டு வரியோடு மிச்சத் தவணையும் உன்னுடையது. நீ வேண்டாம் என்று சொல்லலாம். விற்றுவிடலாம் என்றுதான் நீ நினைத்தாய், அந்த நினைப்பில் தப்பும் இல்லை. இந்த வீடு உனக்குச் செய்ததற்கு நீ இதை விட்டுவிட்டுப் போனால் நான் குறை சொல்ல முடியாது. உன்னைக் கேட்காமல் ஒன்றை மட்டும் செய்துவிட்டேன். போன வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலையில், தெருவில் எல்லோரும் பார்க்க, கிழக்குச் சுவரை உடைத்தேன். அந்தச் செலவு என்னுடையது. கடைசிச் செங்கல்லை நானே தள்ளினேன். காற்று வந்தது பார், தம்பி, மேஜைமேல் இருந்த துணி எழுந்து நின்றது! உன் அம்மா ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் காற்று இத்தனை வருஷமும் ஒரு செங்கல் அகலத்துக்கு அந்தப் பக்கம் வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறது. காதர் பாயும் பார்க்க வந்தார், கையில் ஒரு குட்டித் தலையணையோடு. இந்தத் தடவை நான் திருப்பி அனுப்பவில்லை. பாப்பாவின் தொட்டிலில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கூரை இன்னும் சுடுகிறது. அதற்குத்தான் உன் கையெழுத்து வேண்டும்.

இன்னும் ஒன்று. இன்ஜினியர் பெண் அன்றைக்கே படிவத்தின் மூன்றாம் பக்கத்தை நிரப்பினாள். நீளம் அகலம் எழுதினாள், கிழக்கே ஜன்னல் வைக்கப்படும் என்று எழுதினாள். அப்புறம் வசிப்போர் என்ற கட்டத்துக்கு வந்து, "மேல யார் சார் இருக்காங்க?" என்று கேட்டாள். "எம் பையன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அவளும் 'மகன் வசிக்கிறார்' என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டாள். இல்லம்மா, அவன் புனேல இருக்கான் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார். அந்தப் பதிவு தப்பு என்று உனக்குத் தோன்றினால், படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் உன் சுருக்கொப்பத்தைப் போடு, முறை அதுதான். அடிக்க மனம் வராவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு, பென்சில் குறி இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடு.

அப்பா